கழுதை முதுகில் தூசி இல்லை

மோந்தலேரோ,
8 நவம்பர் 1964, ஞாயிறு

அன்புள்ள லீவியோ,

நீ போய் ஐந்து வாரமாகிறது. சுவிட்சர்லாந்தில் கடிகாரமெல்லாம் நொடி பிசகாமல் ஓடும் என்கிறார்கள். தபால் மட்டும் நொண்டுகிறது போலிருக்கிறது. உன் விலாசத்தை ஒட்டாவியோதான் கொடுத்தான். சைக்கிள் கிளப் தலைவன், கசாப்புக் கடைக்காரன், அவனுக்கு எழுத உனக்கு நேரம் இருந்திருக்கிறது. பெற்றவன் கடையில் இறைச்சி தொங்கவில்லை, என்ன செய்வது.

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அதனால் ஊரில் மற்றவர்களைவிட எனக்கு ஒரு வருஷம் படிப்பு அதிகம் என்று உன் அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை அதேதான். அதே பதினோரு கிலோமீட்டர் வெள்ளை மண்சாலை, அதே தள்ளுவண்டி, அதே மண்வெட்டி. காலையில் குழியை நிரப்புகிறேன். சாயங்காலத்துக்குள் டிராக்டர்கள் அதைத் திரும்ப எடுத்துவிடுகின்றன. சாலைக்காரன் என்று அரசாங்கம் எனக்கு ஒரு தொப்பி கொடுத்திருக்கிறது. குழிகளுக்குத் தொப்பி மேல் மரியாதை கிடையாது.

நேற்று செஸிராவின் கடைக்குக் காப்பி குடிக்கப் போனேன்.

"என்ன துடைப்பம், பையன் எழுதுறானா?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம், எல்லாப் பந்தயத்திலும், களைத்தவர்களைப் பெருக்கி அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற கடைசிக் காருக்கு, அதுதான் துடைப்பக் கார், ஒரு முழம் முன்னால் வந்து சேர்ந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

"எழுதுறான், எழுதுறான். வாரத்துக்கு ரெண்டு."

"தபால் பை என் கடைக்குத்தான் வருது ஆதெல்மோ," என்றாள், கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் திருவிழாப் பந்தயத்தில், கழுதை முதுகு ஏற்றத்தில், உன் டயர் போய் நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. தூசி. கண் முழுக்க வெள்ளைத் தூசி. நம் கிளப்பின் தலையாய ஆளுக்கு டயர் போனால், பக்கத்தில் வருகிற நம் ஆள் இறங்கித் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கணும். கிளப் சட்டையோடு சேர்த்துக் கொடுக்கிற விதி இது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கழற்றிக் கொடுத்த கை, உனக்குக் கொடுக்காதா? ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நீ ஒருவன்தான் பாக்கி.

நான்காவதாக வந்ததற்குக் கொடுத்த பன்றித்தொடை நிலவறையில் தொங்குகிறது. தனியாக வெட்டிச் சாப்பிட ஒரு மாதிரி இருக்கிறது.

அப்பா

&nbsp;

மோந்தலேரோ,
13 டிசம்பர் 1964

அன்புள்ள லீவியோ,

பதில் இல்லை. ஒருவேளை என் கையெழுத்தைப் பார்த்து, கோழி மையில் நடந்திருக்கிறது என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டாரோ என்னவோ.

வடக்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. இன்று காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கூட வர யாரும் இல்லை. ஒட்டாவியோவுக்கு முழங்கால் வீக்கம், மற்றவர்களுக்குப் பெண்டாட்டி. முப்பது கிலோமீட்டர், ஒரு ஆளையும் பார்க்கவில்லை. ஒரு பண்ணை நாய் மட்டும் கொஞ்ச தூரம் துரத்தியது. பிறகு அதுவும் சலித்து நின்றுவிட்டது. நாய்கூட என்னைத் துரத்தி முடிக்க மாட்டேன் என்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏற்றத்தில் உன் டயரைக் கிழித்தது என் ஜல்லி. சாலைக்காரன் எவனும் செய்யக் கூடாத காரியம். புது ஜல்லி கொட்டினால் வண்டிச் சக்கரங்கள் ஏறி ஏறி அதை மண்ணுக்குள் இறக்க ஒரு மாதமாவது ஆகும். அதுவரை ஒவ்வொரு கல்லும் கத்தி. எனக்குத் தெரியாதா? மேயர் காரில் வருகிறார், எம்போலியிலிருந்து பெரிய கிளப்புக்கு ஆள் பொறுக்குகிறவர் வருகிறார், என் சாலை பல் விளக்கின மாதிரி இருக்கட்டும் என்று பந்தயத்துக்கு ஆறு நாள் முன்னால் கொட்டினேன். மாப்பிள்ளை வருகிறார் என்று வாசலைக் கழுவிவிட்டு அவரையே வழுக்கி விழவைத்த கதை.

முதல் பஞ்சருக்கு உன் தோளில் சுற்றியிருந்த மாற்று டயரைப் போட்டுவிட்டாய். இரண்டாவதற்கு உன்னிடம் ஒன்றும் இல்லை. ஒட்டாவியோவின் வண்டி வர பதினோரு நிமிஷம். அதற்குள் எம்போலிக்காரர் கார் உன்னைத் தாண்டிப் போய்விட்டது. எல்லாம் அந்த ஜல்லியால். திட்டி எழுது, தாங்கிக்கொள்கிறேன். திட்டுவதற்காகவாவது எழுது.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? கோழி ஒன்று இருக்கிறது. வயசானது, ஆனால் நல்ல குணம்.

அப்பா

&nbsp;

வின்டர்தூர்,
27 டிசம்பர் 1964

அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. நலமாக இருக்கிறேன். வேலை இயந்திரத் தொழிற்சாலையில், இரும்பு கடைகிற பிரிவு. மரக் கொட்டகையில் பதினாறு பேர் தங்கியிருக்கிறோம், எல்லாரும் நம் நாட்டுக்காரர்கள். பாதிப் பேர் பேசுவது எனக்குப் புரியவில்லை, வடக்கத்திக்காரர்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் லீவு. அதனால் வரவில்லை.

ஜல்லியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். ஜல்லியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அன்று காலை பத்து மணி வரை மழை பெய்தது. சட்டை முழுக்கக் களிமண்ணோடு வந்து சேர்ந்தீர்கள். கழுதை முதுகில் தூசி இல்லை, அப்பா.

லீவியோ

&nbsp;

மோந்தலேரோ,
10 ஜனவரி 1965

அன்புள்ள லீவியோ,

உன் கடிதத்தைச் செஸிராவே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

படித்துவிட்டு அவள் கடைக்குப் போனேன்.

"செஸிரா, பந்தயத்தன்னைக்கு மழை பெஞ்சுதா?"

"பெஞ்சுதாவாவது. வாசல்ல போட்ட நாற்காலி பத்தையும் நான்தான் உள்ள இழுத்துப் போட்டேன்."

"அப்ப நாலு மாசமா நான் தூசி தூசின்னு சொல்றப்ப எதுக்குத் தலையாட்டுன?"

"உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு," என்றாள்.

மழையில் நனைந்த ஊருக்கே உட்கார்ந்து தூசிக் கதை சொல்லியிருக்கிறேன், பார். சாலைக்காரன் வேறு. மழை பெய்தால் தூசி அடங்கும் என்று தெரிந்திருப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குத் தொப்பி கொடுத்திருக்கிறது. பாதிரியார்கூடத் தலையாட்டினார். அவர் எந்தக் கணக்கில் ஆட்டினாரோ.

சரி, தூசி இல்லை. வியர்வையாக இருக்கலாம். நாற்பத்தேழு வயதுக் கண், ஏற்றத்தில் அது தன் இஷ்டத்துக்குப் பார்க்கும். முன்னால் ஒரு மாடு நின்றிருந்தாலும் மேயர் என்று நினைத்து வணக்கம் சொல்லியிருப்பேன். போனது போகட்டும்.

இந்த வருஷப் பந்தயம் செப்டம்பர் 12. ஒட்டாவியோ உன் பெயரைப் பட்டியலில் போட்டுவிடட்டுமா என்று கேட்டான். போடு என்று சொல்லிவிட்டேன். உன் சைக்கிளைத் தினமும் துடைக்கிறேன். அது உன்னைக் கேட்கிறது, நான் இல்லை.

அப்பா

&nbsp;

வின்டர்தூர்,
31 ஜனவரி 1965

அப்பாவுக்கு,

பட்டியலில் என் பெயரை அடிக்கச் சொல்லுங்கள்.

எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். பந்தயம் முடிந்த அன்று திருவிழாச் சாப்பாட்டில் நீங்கள் மேசை மேல் பன்றித்தொடையை வைத்துக்கொண்டு கதை சொன்னீர்கள். நான் பின்பக்கம் குழாயடியில் களிமண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஆறு தடவை சொன்னீர்கள், புதிதாக ஆள் வர வர. "பையன் பின்னாடி 'அப்பா, அப்பா'ன்னு கத்துறான். கெழவன் முன்னாடி போறான்ற சந்தோஷத்துல கத்துறான்னு நெனச்சேன்" என்று. என் குரலிலேயே கத்திக் காட்டினீர்கள். ஊரே சிரித்தது. ஆறாவது தடவை முதல் தடவையைவிட நன்றாக வந்தது.

பார்க்கவில்லை என்கிறீர்கள். அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தீர்கள்?

பந்தயம் போனதற்கு நான் ஊரைவிட்டு வரவில்லை. எம்போலிக்காரர் என்னை எடுத்திருப்பாரா என்று எனக்கே தெரியாது. அம்மா இறந்தபோதும் நீங்கள் இப்படித்தான். சவப்பெட்டி செய்ய வந்தவனிடம் ஒரு கேலி, அடக்கத்துக்கு வந்தவர்களிடம் ஒரு கேலி. அந்த வீட்டில் நான் யாரிடம் என்ன பேசுவது?

இனி எழுதினால் ஒரு கடிதமாவது சிரிக்காமல் எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம்.

லீவியோ

&nbsp;

மோந்தலேரோ,
21 மார்ச் 1965

லீவியோ,

ஏழு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு கேலி வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் வந்தால் அடித்துவிட்டு அனுப்புகிறேன்.

உன்னைப் பார்த்தேன்.

கீழே களிமண்ணில் எல்லாரும் வழுக்கி விழுந்தார்கள். சாலையில் எந்த ஓரம் கெட்டி என்று எனக்குத் தெரியும். வடிகாலை ஒட்டியே வந்தேன். ஏற்றத்தின் அடியில் தலையைத் தூக்கியபோது எனக்கு முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள். அதில் நீ ஒருவன். முதலில் நம்பவில்லை. பிறகு உன் டயர் போனது. சத்தம் கேட்டது. நீ இடது பக்கம் ஒதுங்கி இறங்கினாய். உன் முழங்கையில் ரத்தம் இருந்தது. கையைத் தூக்கினாய். இன்னும் ஒரு சாண் நீட்டியிருந்தால் என் தோளைத் தொட்டிருப்பாய். "அப்பா" என்று இரண்டு தடவை சொன்னாய். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் நிற்பேன் என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை.

முன்சக்கரத்தைக் கழற்ற இரண்டு திருகு. அரை நிமிஷம்.

மற்ற மூவரும் வளைவில் மறைந்திருந்தார்கள். என் முன்னால் சாலை காலியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பந்தயத்தில் நான் முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து நம் ஆள் வேறு யாராவது வருவான் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். உச்சியில் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். உச்சிக்கு அப்புறம் நினைக்கவே இல்லை.

அரை மணி நேரம் உன்னை மறந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். இதைத்தான் எழுத முடியவில்லை. பயந்து போய் ஓட்டினேன், குற்ற உணர்வோடு ஓட்டினேன் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். பொய். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உன் குரல் திரும்ப வந்தது. அன்று முழுக்கக் காதுக்குள் அது சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால்தான் மேசையில் அதைச் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தால் அது வேடிக்கையாகிவிடும் என்று நினைத்தேன். ஆறு தடவை சொல்லியும் ஆகவில்லை.

உன் அம்மா விஷயத்திலும் அதேதான். சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அந்தப் பயம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் ஓட்டுகிறேன். முன்னால் யாருடைய முதுகும் இல்லை. சாலை முழுக்கக் காலி.

உன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டேன். என் பெயரையும் அடித்துவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

ஆதெல்மோ
(உன் அப்பா)

&nbsp;

வின்டர்தூர்,
2 மே 1965

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது, அதை எழுதுகிறேன்.

இங்கே நம் தொழிலாளர்கள் ஒரு சைக்கிள் கிளப் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிச் சேர்ந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. இங்கே நான் தலையாய ஆள் இல்லை. தண்ணீர் சுமக்கிறவன், சக்கரம் கழற்றிக் கொடுக்கிறவன். எங்கள் தலையாய ஆள் பத்திஸ்தா என்று ஒருவர், பெர்காமோக்காரர், வெல்டர், முப்பத்தைந்து வயது. வாரம் முழுக்க வெல்டிங் புகை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள், வேறு ஒன்றும் தெரியாது அவருக்கு.

ஊர்ச் சாலையெல்லாம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வழவழப்பு. பந்தயம் மட்டும் காட்டுக்குள் வைத்தார்கள், மரம் ஏற்றும் லாரிகள் போய்ப் போய்க் குண்டும் குழியுமான பாதை. முதல் ஏழு பேரில் நாங்கள் இருவரும் இருந்தோம். அங்கே அவர் டயர் போனது. கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் நான்தான்.

உடனே நின்றேன் என்று எழுத ஆசை. நிற்கவில்லை. தாண்டிப் போனேன். ஏனென்று தெரியாமல் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரை எண்ணினேன். பிறகுதான் திரும்பி வந்தேன்.

"எங்கடா போன?" என்றார், என் சக்கரத்தை வாங்கிக்கொண்டே.

"பிரேக் பிடிக்கல."

அவர் என் பிரேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏறிப் போனார். மூன்றாவதாக வந்தார். சாயங்காலம் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

உங்களைவிட நான் மேல் என்று சொல்ல இதை எழுதவில்லை. கோபம் போய்விட்டது என்றும் இல்லை. அந்த இருபதில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். அவ்வளவுதான்.

ஜூலை 24 முதல் இரண்டு வாரம் தொழிற்சாலை மூடுகிறார்கள். ஒன்பது நாள் வரலாம் என்று நினைக்கிறேன். பந்தயம் எதுவும் வேண்டாம்.

லீவியோ

&nbsp;

மோந்தலேரோ,
9 மே 1965

லீவியோ,

வா.

பந்தயம் இல்லை. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. செஸிராவுக்கு மட்டும் தெரியும், அவளுக்கு நான் சொல்லவில்லை, அது வேறு வழியில் தெரிந்தது.

உன் சைக்கிளின் பழைய டயர்களை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொன்னேன். பசை தடவிச் சக்கரத்தில் நான் ஒட்டவில்லை, பயப்படாதே, ஒட்டாவியோதான் ஒட்டினான். மார்ச்சுக்குப் பிறகு சாலையில் நான் ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டவில்லை. குழியெல்லாம் அப்படியே கிடக்கிறது. மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, "என்ன ஆதெல்மோ, உடம்பு சரியில்லையா?" என்றார். பழைய ஜல்லி மண்ணுக்குள் இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன் என்றேன்.

இதில் கேலி கொஞ்சம் வந்துவிட்டது. அடிக்கலாம் என்று பார்த்தேன். உண்மையாகவும் இருப்பதால் விட்டுவிட்டேன்.

அப்பா

&nbsp;

மோந்தலேரோ,
8 ஆகஸ்ட் 1965, ஞாயிறு

அன்புள்ள லீவியோ,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? பிளாட்பாரத்தில் நான் கையை ஆட்டியபோது நீ எதிர்ப் பக்க ஜன்னலில் இருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு கன்னியாஸ்திரீ பதிலுக்குக் கையாட்டினார்.

நேரில் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். ஒன்பது நாளில் முதல் ஆறு நாள் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீ மரியாதையாக இருந்தாய். ரொட்டியை முதலில் என் பக்கம் தள்ளினாய். நாற்காலியை இழுத்துப் போட்டாய். நான் ஒரு தடவை சொன்ன கதையை மறுபடி சொன்னபோதும் முதல் தடவை மாதிரி கேட்டாய். வீட்டுக்காரனிடம் வாடகைக்கு இருப்பவன் இப்படித்தான் இருப்பான். நானும் கேலி பேசாமல் இருக்கப் பார்த்தேன். இரண்டு பேரும் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தோம்.

ஏழாம் நாள் காலையில் நீயாகவே, "ஓட்டலாமா?" என்றாய். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. நீ ஆற்றுப் பக்கம் திருப்பினாய். பந்தயம் எதுவும் போகாத பாதை, எனக்கு அதில் ஒரு கல்லும் தெரியாது. ஒன்பது கிலோமீட்டர் போனோம். நீ எனக்குத் தகுந்தபடி மெதுவாக ஓட்டினாய். உன் பின்சக்கரம் என் முன்னால் ஒரு முழம் தள்ளி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. சின்னக் குழந்தையை நடக்கவிட்டு அம்மா பின்னாலேயே போவாளே, அப்படி, ஆனால் முன்னால்.

பிறகு ஒரு ஏற்றம் வந்தது. நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாய் என்று நினைத்தேன். நீ பெடலில் எழுந்து நின்றாய். அவ்வளவுதான். இரண்டு வளைவில் காணாமல் போய்விட்டாய்.

எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. உச்சிக்கு வந்தபோது நீ ஒரு பண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பீச் பழம் தின்றுகொண்டிருந்தாய். கொட்டை மூன்று கீழே கிடந்தது.

"என்னப்பா, நடந்தா வந்தீங்க?" என்றாய்.

தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெயில் என்று நீ நினைத்திருப்பாய். வெயில் இல்லை. இனி இந்த மாதிரி விஷயத்தில் பொய் சொல்வதாக இல்லை.

அங்கேதான் நீ சொன்னாய், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்தத் தொழிற்சாலைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டதாக. "சரி" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போதும் தோன்றவில்லை. இரண்டு வருஷம் என்பது எனக்குக் கணக்கில் நூற்று நான்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு ஒன்று போய்விட்டது.

ஆனால் ஒன்று, லீவியோ. ஆறு நாளாக நீ இந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தாய். அந்த ஏற்றத்தில் என்னை விட்டுவிட்டுப் போனாயே, அப்போதுதான் என் மகன் வந்து சேர்ந்தான். காத்திருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

குழாயடியில் உன் சோப்பை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பச்சை நிறம், அந்த ஊர்ச் சோப்பு. அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? ஒரு வரி எழுது. அதுவரை நான் அதைத் தொடவில்லை.

அப்பா